பல் தடம் பதிந்த பறி

என் அம்மா மீன் விற்கப் பொன்னேரிக்குச் சுமந்து போன அலுமினிய அன்னக்கூடைக்கும் நான் படித்த கல்லூரிக்கும் ஓர் உறவு இருக்கிறது. 1898-ல், சென்னைக் கலைப் பள்ளி ஆல்ஃபிரட் சாட்டர்டன் பொறுப்பில் இருந்தபோது, அதன் பட்டறையில் அலுமினியத் தகட்டை அடித்துப் பாத்திரம் செய்து பார்த்தார்கள். பித்தளையும் செம்பும் பழகிய கைகளுக்கு அந்த உலோகம் புதிது. செய்த பாத்திரங்கள் விலைபோயின. சில ஆண்டுகளில் வேலை ஒரு தனியார் கம்பெனிக்குக் கைமாறியது. இந்தியாவில் அலுமினியப் பாத்திரத் தொழில் பிறந்த கதை இதுதான். ஓவியம் கற்கப் போன இடத்தில் என்னை முதலில் நிமிர்ந்து உட்கார வைத்த செய்தியும் இதுதான். அன்றைக்கு ஊர் திரும்பியதும் அம்மாவிடம் சொன்னேன். "அப்ப உங்க காலேஜிலயே கேட்டு ஒண்ணு வாங்கியாயேன், இது அடி தேஞ்சி ஒழுவுது" என்றாள்.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள கோட்டைக்குப்பம். விடிவதற்கு முன்பே கிளம்பினால்தான் பொன்னேரியில் மின்சார ரயிலைப் பிடித்து, சென்ட்ரலில் இறங்கி, பெரியமேடு வழியாக நடந்து, வகுப்பு தொடங்குமுன் கல்லூரிக்குள் நுழைய முடியும். 1990-களில் எங்கள் குப்பத்திலிருந்து அந்தப் பக்கம் படிக்கப் போன பெண் எனக்குத் தெரிந்து வேறு யாரும் இல்லை. நைனாவுக்கு ஓவியப் படிப்பு என்றால் என்னவென்றே தெரியாது. ஆனாலும் போகாதே என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

இன்று அரசு கவின் கலைக் கல்லூரி என்று அழைக்கப்படும் அந்த நிறுவனத்தை 1850-ல் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர். சொந்தப் பணத்தைப் போட்டுத் தொடங்கினார். கொஞ்ச காலத்தில் அரசு அதை ஏற்றுக்கொண்டது. மண்பாண்டம், மரச்செதுக்கு, உலோக வேலை, புகைப்படம் என்று கைத்தொழில்களோடு சேர்த்தே ஓவியமும் அங்கே கற்பிக்கப்பட்டது. சென்னையின் செனட் ஹவுஸை வடிவமைத்த ராபர்ட் சிஷோம் பிற்பாடு அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தார். இந்திய மரபுக் கலைக்காக வாதாடிய ஹாவெல் 1884-ல் வந்தார். அங்கே முதல்வரான முதல் இந்தியர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அவருக்குப் பின் 1957-ல் அந்த நாற்காலிக்கு வந்த கே.சி.எஸ். பணிக்கர், 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். இந்தப் பெயர்களெல்லாம் எங்களுக்குத் தேர்வுக்குரிய பாடம். எனக்கோ அவை, கல்லூரியின் சேகரிப்பில் இருந்த பொருள்களுக்கு முன்னால் நின்றபோதுதான் ஆட்களாக மாறின.

சேகரிப்பைப் பார்க்கக் கிடைத்த நேரமெல்லாம் போனேன். மதியம் சாப்பாட்டு டப்பாவைச் சீக்கிரம் காலி செய்துவிட்டு அங்கே போய் நிற்பேன். வெள்ளைப் பிளாஸ்டர் வார்ப்புகள்: தலை, காது, பாதம், கை. ஐரோப்பியச் சிற்பங்களிலிருந்து வார்த்தெடுத்த இவற்றைப் பார்த்துக் கரிக்கோலால் வரைந்துதான் பல தலைமுறை மாணவர்கள் நிழலும் ஒளியும் கற்றார்கள். மெருகேற்றிய மண்பாண்டங்கள் இருந்தன. பழைய மாணவர்களின் ஓவியங்களில் நிறங்கள் மங்கியிருந்தாலும் தூரிகை போன திசை தெரியும். செதுக்கு வேலைப்பாடு கொண்ட மரத்துண்டு ஒன்றின் பின்பக்கத்தை ஒருமுறை பார்க்க முடிந்தது. உளி நழுவிய இடம் ஒன்று அதில் இருந்தது. முன்பக்கத்தின் நேர்த்தியைவிட அந்த நழுவலைத்தான் நெடுநேரம் பார்த்தேன். செய்தவன் அங்கேதான் எனக்குக் கொஞ்சம் அகப்பட்டான்.

மற்றபடி பொருளுக்குப் பக்கத்தில் ஓர் அட்டைதான் இருக்கும். எதனால் ஆனது, எந்த ஆண்டு, என்ன அளவு. அந்த ஜாடியில் யார் என்ன ஊற்றி வைத்தார்கள், அந்தக் குடத்தை எந்த இடுப்பு சுமந்தது என்பதை எந்த அட்டையும் சொல்லாது. இது அந்த ஓர் இடத்துக் குறையில்லை. பிற்பாடு நான் போய்ப் பார்த்த அருங்காட்சியகங்கள் எல்லாவற்றிலும் இதே கதைதான்.

எங்கள் குப்பத்திலும் ஒரு பதிவேடு உண்டு. அதன் பேர் பாட்டு ஏடு. ஏரியில் வலை கட்டத் தோதான இடங்களை நாங்கள் பாடு என்போம். இறால் ஓட்டம் முகத்துவாரத்தை ஒட்டி, நீரின் ஏற்ற வற்றத்துக்குத் தக்கபடி மாறும். அந்த ஓட்டத்தின் குறுக்கே கழி நட்டுச் சுத்து வலை கட்டினால் ஓர் இரவில் கிடைப்பதை வேறு இடத்தில் வாரம் முழுக்க நின்றாலும் பிடிக்க முடியாது. அதனால் நல்ல இடம் ஒருவருக்கே போய்விடாதபடி, யார் எந்த இடத்தில் எந்த முறை வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டுத் தீர்மானிப்பார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களுக்கு இந்த முறையில் பழைய உரிமை உண்டு. கல்யாணமான ஆண்களின் பெயர்தான் ஏட்டில் ஏறும். நைனாவின் பெயர் இருந்தது. அண்ணனின் பெயர் கல்யாணத்துக்கு மறுவருஷம் ஏறியது. என் பெயர் என்றைக்கும் ஏறாது. அது அப்படித்தான் என்றே வளர்ந்தேன். கல்லூரிக்கு வந்த பிறகுதான் அது வலித்தது.

ஆனாலும் அந்த ஏட்டை நினைக்கும்போதெல்லாம் ஒரு மதிப்பு வரும். பொருளை அது எழுதி வைக்கவில்லை, முறையை எழுதி வைத்தது. ஓர் இடத்தையும் ஓர் இரவையும் ஓர் ஆளையும் சேர்த்துக் கட்டியது. சேகரிப்பின் அட்டைகளில் நான் தேடிக் கிடைக்காமல் போனது அதுதான்.

இரண்டாம் ஆண்டில் எங்கள் ஆசிரியர் ஒருவர் சோழமண்டலக் கரைத் துணிகளின் ஸ்லைடுகளைச் சுவரில் காட்டினார். கைகொண்டு வரைந்து, சாய வேர் போட்டுச் சிவப்பேற்றிய பருத்தித் துணிகள். பூவும் கொடியும் மயிலும். சில லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருப்பவை, சில ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில். "இந்தக் கரையில டச்சுக்காரன் தலைநகரம் எது, தெரியுமா?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. நான் எழுந்து "பழவேற்காடு சார்" என்றேன். எப்படித் தெரியும் என்றார். "எங்க வீட்டுப் பின்னாடிதான் அவங்க கோட்டை சார்."

கோட்டை என்று சொன்னேனே தவிர, இப்போது அங்கே இருப்பது அகழியும் புதரும்தான். 1613-ல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய கெல்டிரியா கோட்டை அது. 1690-ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போகும்வரை சோழமண்டலக் கரை வணிகத்தை அவர்கள் இங்கிருந்துதான் நடத்தினார்கள். இங்கே ஏற்றிய துணியைக் கிழக்கிந்தியத் தீவுகளில் கொடுத்து வாசனைப் பொருள் வாங்கினார்கள். அதே துறையிலிருந்து மனிதர்களையும் அடிமைகளாக பத்தாவியாவுக்கு ஏற்றி அனுப்பினார்கள். ஊரின் பேர் துணியோடு ஒட்டிக்கொண்டு வெகுதூரம் போனது. மலேசியாவில் கட்டம் போட்ட கைலியை இன்றும் எங்கள் ஊர்ப் பேரால்தான் 'பெலிக்காட்' என்கிறார்கள். எங்கள் குப்பத்தில் ஒரு தறிகூட நான் பார்த்ததில்லை. துணி கண்ணாடிப் பேழைக்குள் பத்திரமாக இருக்கிறது. அதை நெய்து, சாயம் போட்டு, ஆற்றில் அலசிய ஆட்களின் பேர் ஒன்றாவது எங்களுக்கு மிஞ்சவில்லை. அன்று ரயிலில் திரும்பும்போது இதே நினைவாக இருந்தேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரையே வரையத் தொடங்கினேன். டச்சுக் கல்லறைதான் முதலில். வாசல் வளைவின் இரண்டு பக்கமும் எலும்புக்கூடுகள் செதுக்கி நிற்கும். சின்ன வயதில் அந்தப் பக்கம் போகவே பயப்படுவோம். உள்ளே கருங்கல் பலகைகள், அவற்றில் குலச்சின்னங்கள், தலைக்கவசங்கள், சுருண்ட இலைகள், டச்சு எழுத்துகள். ஒரு கல்லில் கெல்டிரியா கோட்டையின் உருவமே இருக்கிறது. எழுத்துகள் கல்லில் குடைந்தவையல்ல, சுற்றிலும் கல்லைக் கழித்து எழுத்தை மேடாக நிறுத்தியவை. குடைவதைவிட அதற்கு வேலை பல மடங்கு. வரைந்து பார்த்தபோதுதான் அது எனக்குப் புரிந்தது. பென்சிலால் ஓர் எழுத்தின் ஓரத்தைப் பின்தொடரவே கை நடுங்குகிறது. தனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில், எழுத்து எழுத்தாக, ஒரு பிசகும் இல்லாமல் அதைக் கல்லில் நிறுத்திய தச்சன் நம் ஊர்க்காரனாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். புதைந்தவரின் பேரும் பதவியும் தேதியும் அந்தக் கல்லில் இருக்கின்றன. செதுக்கியவன் பேர் இல்லை.

பிறகு ஆதிநாராயணப் பெருமாள் கோயில். செம்புரைக் கல்லில் கட்டிய கோயில். மேற்கூரையில் ராமாயணக் காட்சிகள் கையளவு சிறு சிற்பங்களாக இருக்கின்றன. அண்ணாந்தே வரைந்து கழுத்து பிடித்துக்கொண்டது. ஆனாலும் கல்லூரியில் பிளாஸ்டர் காதை வரைந்ததில் நான் கற்றதைவிட இங்கே கற்றது அதிகம் என்றே சொல்வேன். அவ்வளவு குறுகிய கட்டத்துக்குள் ஓர் உடம்பின் பாரம் எந்தக் காலில் விழுகிறது என்பதை அந்தச் சிற்பி காட்டிவிடுகிறான்.

இதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் அந்தப் பறியைப் பற்றிச் சொல்ல முடியும்.

வகுப்பில் பொருள் வரைதலுக்கு வீட்டிலிருந்து ஏதாவது கொண்டுவரச் சொன்னார்கள். மற்றவர்கள் குத்துவிளக்கு, உரல், சொம்பு என்று கொண்டுவந்தார்கள். வலை பின்னும் மூங்கில் ஊசி, ஈயக் குண்டு, மிதப்புக் கட்டை எல்லாம் எங்கள் வீட்டிலும் இருந்தன. ஆனால் எனக்கு ஓர் ஆயாவின் இடுப்பில் தொங்கிய பறிமேல்தான் கண். அவர் எங்கள் குப்பத்தைச் சேர்ந்தவர் அல்ல, இருளர். ஏரியின் ஆழமில்லாத பக்கங்களில் இருளர்கள் வலையில்லாமல் கையாலேயே இறால் பிடிப்பார்கள். இடுப்பளவு, மார்பளவு தண்ணீரில் குனிந்தும் உட்கார்ந்தும் நகர்ந்தபடி, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவிக்கொண்டே போவார்கள். கைக்கு இறால் தட்டுப்பட்டால் அமுக்கி எடுத்துப் பறிக்குள் போடவேண்டும். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொள்வார்கள். பனை ஓலையில் முடைந்த சிறு பறி அது. வாய் குறுகி, வயிறு பருத்து, போட்ட இறால் துள்ளி வெளியே வராத வடிவம்.

கேட்டதும் கொடுத்துவிட்டார். "பத்தரமா எடுத்தா பாப்பா, நாளன்னிக்கி தண்ணி வத்தம்" என்று மட்டும் சொன்னார்.

ரயிலில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். கவிச்சி வாசம் அடித்ததால் பக்கத்தில் இருந்தவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். வகுப்பில் மேடைமேல் வைத்து விளக்கைத் திருப்பியபோதுதான் விளிம்பைச் சரியாகப் பார்த்தேன். கடித்துக் கடித்து ஓலை நசுங்கி, ஒரு பக்கம் மட்டும் கறுத்து, பற்களின் வரிசை அப்படியே பதிந்திருந்தது. ஒரு பல் இல்லாத இடம்கூடத் தெரிந்தது. நான் ஆசைப்பட்டுத் தேடிய அட்டை அதுதான். யார், எப்படி, எந்த உடம்பால் என்பதெல்லாம் அந்த விளிம்பிலேயே இருந்தது.

மற்ற மாணவர்கள் பறியின் வயிற்றை, முடைச்சலை, நிழலை வரைந்தார்கள். நான் விளிம்பை மட்டுமே வரைந்தேன், பெரிதாக. ஆசிரியர் நெடுநேரம் என் பின்னால் நின்றார். பிறகு பறியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை நம்ம சேகரிப்புலயே வைக்கலாமா? கேட்டுச் சொல்லும்மா" என்றார். எனக்குப் பெருமை பொங்கியது. எங்கள் ஏரியின் பொருள் ஒன்று அந்த வார்ப்புகளுக்கும் ஜாடிகளுக்கும் பக்கத்தில் உட்காரப் போகிறது என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

ஆயா கேட்டுவிட்டுச் சிரித்தார். "அத்த அங்க வச்சிட்டா நான் இன்னாத்த வச்சி எறா தடவறது?" பிறகு, நான் முகம் வாடியதைப் பார்த்தோ என்னவோ, "வேணும்னா புச்சா ஒண்ணு மொடஞ்சி தரேன், அத்த வச்சிக்கச் சொல்லு" என்றார்.

புதிய பறியில் பல் தடம் இருக்காது. நான் அதைச் சொன்னபோது அவருக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. தேய்ந்த பறியை யாராவது ஆசைப்பட்டு வாங்குவார்களா என்று கேட்டார். அவர் சொன்னதில் முழு நியாயம் இருந்தது. அவருக்கு அது பிழைப்பு. பாட்டு ஏட்டில் எங்கள் வீட்டு ஆண்களுக்காவது இடம் உண்டு. இருளர்களுக்கு அதுவும் இல்லை. அவர்களின் ஏரி என்பது கைக்கு எட்டும் சேறு அளவுதான். அந்தக் கையின் ஒரே துணைப் பொருளைக் கேட்டு நின்றேன் நான். பழையதைத் திருப்பிக் கொடுத்தேன். புதியது ஒன்றுக்கு நைனா பணம் கொடுத்தார். ஆயா வாங்க மறுத்து, கடைசியில் அரிசியாக வாங்கிக்கொண்டார். புதிய பறியை ஆசிரியரிடம் ஒப்படைத்தேன், அதோடு நான் வரைந்த விளிம்பையும். இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் பொருள் முழுமையாகும் என்று ஒரு பக்கம் எழுதியும் கொடுத்தேன். அந்தப் பக்கத்தில் தண்ணீரின் ஆழம், இறால் அதிகம் கிடைக்கும் காலம், பறி செய்ய ஓலை வெட்டும் பதம், பறியைக் கடிக்கும் பக்கம் எல்லாம் இருந்தன. நான் எழுதிய முதல் கட்டுரை அதுதான்.

மீன்பிடிக் கருவிகளை முறையாக எழுதி வைத்தவர்கள் இல்லாமல் இல்லை. மதராஸ் மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், 1920-களில் இந்தக் கடற்கரையின் படகுகளையும் வலைகளையும் பற்றி விரிவாக எழுதினார். பழவேற்காடு ஏரியில் ஆளிச் சிப்பி வளர்த்துப் பார்த்தவரும் அவர்தான். அவருடைய வரைபடங்களைப் பிற்பாடு பார்த்தபோது பொறாமையாக இருந்தது. கழியின் இடைவெளி, கயிற்றின் முடிச்சு என்று ஒரு கோடு வீணில்லாமல் வரைந்திருக்கிறார். கலைக் கல்லூரி மாணவர்கள் ஒவ்வொருவரும் அந்தப் பக்கங்களைப் படியெடுத்துப் பழகவேண்டும் என்பது என் ஆசை. கிரேக்கப் பாதத்தை வரையக் கற்கும் கைக்குச் சுத்து வலை கட்டும் வரிசையையும் வரையத் தெரிய வேண்டும்.

2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தது. கடலை ஒட்டிய குப்பங்களில் படகுகள் நொறுங்கின, வலைகள் சுருண்டு கருவேல முள்ளில் மாட்டிக்கொண்டன. நிவாரணமாக வந்தவை ஃபைபர் படகுகளும் நைலான் வலைகளும். அவை வந்ததில் தவறேதும் இல்லை. பசித்தவனுக்கு அன்று தேவைப்பட்டது அடுத்த நாள் தொழிலுக்குப் போகும் வழிதான். ஆனால் கட்டுமரங்கள் விறகாயின. மரப்படகுக்கு விளிம்பு வளைக்கத் தெரிந்த பெரியவர்களுக்கு வேலை இல்லாமல் போனது. அந்த வருஷங்களில் நான் சென்னையில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்தேன். விடுமுறையில் வந்து பார்க்கும்போதெல்லாம் ஏதாவது ஒன்று காணாமல் போயிருக்கும். பறியின் இடத்தில் பிளாஸ்டிக் டப்பாவும், கோணியைத் தைத்துச் செய்த பையும் வந்தன. அந்த ஆயாவும் போய்விட்டார். பழைய பறி என்னவாயிற்று என்று அவர் மகளிடம் விசாரித்தேன். கிழிந்ததும் அடுப்பில் போட்டுவிட்டதாகச் சொன்னார்.

எனக்கு அதில் துக்கம் உண்டு, ஆனால் யாரையும் குறை சொல்ல வரவில்லை. பயன்படுத்திக்கொண்டிருக்கும் பொருளைப் பிடுங்கிக் கண்ணாடிக்குள் வைப்பதும் சரியில்லை. பயன் முடிந்தபின் அது மிஞ்சுவதும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் செய்ய முடிவது ஒன்றுதான். ஆள் இருக்கும்போதே, அவர் கையில் பொருள் இருக்கும்போதே, பக்கத்தில் உட்கார்ந்து வரைவது, கேட்டு எழுதுவது, செய்து தருபவருக்கு அதற்குரிய விலையைக் கொடுத்து இன்னொன்று செய்து வாங்குவது. செய்தவரின் பெயரை, அவர் விரும்பினால், முதல் வரியாக எழுதுவது. பேர் இல்லாத துணியையும் பேர் இல்லாத கல்லையும் பார்த்து வளர்ந்த ஊர்க்காரி நான். இந்தக் கடைசி விஷயத்தில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

பழவேற்காட்டில் பனை ஓலைக் கூடை முடையும் பெண்களிடமிருந்து இதைத் தொடங்கினேன். சாயம் ஏற்றிய ஓலையில் பெட்டியும் கூடையும் செய்து விற்கிறார்கள். ஆறு கண், எட்டுக் கண் என்று பின்னலைச் சொல்லிக்கொண்டே விரலை ஓட்டுவார்கள். நான் வரைவதற்குள் அடுத்த வரிசை முடிந்திருக்கும். "மெதுவா பண்ணுக்கா" என்பேன். மெதுவாகச் செய்தால் அவர்களுக்குத் தப்பிவிடுகிறது. அதனால் செல்போனில் படம் பிடித்து, பிறகு வீட்டில் வைத்து வரைகிறேன்.

இந்த வருஷம் கல்லூரி மாணவர்கள் சிலர் கோட்டைக்குப்பத்துக்கு வரப்போகிறார்கள். சுத்து வலை கட்டுவதைக் கழி நடுவதிலிருந்து வரைந்து பார்க்கவேண்டும் என்பது திட்டம். பெரியப்பா மகன் காட்ட ஒப்புக்கொண்டிருக்கிறான். அவன் பாட்டு முறை இல்லாத நாளாகப் பார்த்துத்தான் வரச்சொல்லியிருக்கிறோம். ஒரு நாள் தொழில் கெடுவதற்கு என்ன கூலியோ அதைப் பிள்ளைகள் சேர்ந்து கொடுத்துவிடவேண்டும் என்று முன்னாலேயே பேசிவிட்டேன். இருளர் குடியிருப்பிலும் ஒருவரைக் கேட்டிருக்கிறேன். ஓலைப் பறி முடையத் தெரிந்தவர் அங்கே இன்னும் இருக்கிறார். ஆனால் குருத்தோலை தன்னால் ஏறி வெட்ட முடியாது, நீங்களே ஆள் பார்த்து வெட்டிக் கொண்டுவாருங்கள் என்கிறார். மரம் ஏறுகிறவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.